உள்ளாட்சித் தேர்தல் போஸ்டர்: சின்னம் முதல் பசை வரை

உள்ளாட்சித் தேர்தல் போஸ்டரை இரண்டு பேர் படிக்கிறார்கள். ஒருவர் வாக்காளர். டீக்கடை வாசலிலோ பஸ் நிறுத்தத்திலோ நின்றபடி அரைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறவர். இன்னொருவர் கட்சியின் ஒன்றியச் செயலாளர். வண்டியை நிறுத்தி இறங்கி, தன் படம் எத்தனை அங்குலம், பக்கத்தில் யார் படம், பெயருக்கு முன்னால் அடைமொழி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பவர். பெரும்பாலான வார்டு போஸ்டர்கள் இவருக்காகவே அடிக்கப்படுகின்றன. அதனால்தான் பதினேழு முகங்களுக்கு நடுவில் வேட்பாளர் எங்கே, சின்னம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

இரண்டு பேரையும் ஒரே தாளில் திருப்திப்படுத்த முடியாது. கட்சிக்காரர்களுக்கு ஒரு போஸ்டர், வாக்காளருக்கு ஒரு போஸ்டர் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். ‘வாய்ப்பளித்த தலைமைக்கு நன்றி’ போஸ்டரில் தலைவர் முதல் கிளைச் செயலாளர் வரை எல்லா முகமும் வரட்டும். அதை 100 பிரதி அடித்து, கட்சி அலுவலகம், நிர்வாகிகளின் வீட்டுத் தெரு, கூட்டம் நடக்கும் இடம் என்று ஒட்டினால் போதும். மீதிப் பணம் முழுக்கச் சின்னப் போஸ்டருக்கு.

சின்னம் கைக்கு வருவதற்கு முன்

கட்சிச் சின்னத்தில் நிற்பவருக்கு அவசரமில்லை. சுயேச்சைக்கும், ஊராட்சி மன்றத் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிகளுக்கு நிற்பவருக்கும் கதை வேறு. அந்த இரண்டு பதவிகளுக்கும் கட்சி அடிப்படையில் தேர்தல் கிடையாது. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கெடு முடிந்த பிறகே சின்னம் ஒதுக்குவார்கள். 2019 ஊரகத் தேர்தலில் அந்தக் கெடு டிசம்பர் 19, முதற்கட்ட வாக்குப்பதிவு டிசம்பர் 27. பிரச்சாரம் ஓய்வதற்கான 48 மணி நேரத்தைக் கழித்தால் கையில் இருந்தது ஆறே நாள். 2022 நகர்ப்புறத் தேர்தலில் பிப்ரவரி 7-க்கும் 17-க்கும் இடையே பத்து நாள் கிடைத்தது.

எனவே சின்னம் வருவதற்கு முன்பே மற்றதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். படம் எடுத்து, மேட்டர் எழுதி, பிழை திருத்தி, சின்னத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டு ஃபைலை வைத்துக்கொள்ளுங்கள். சின்னத்தின் பெயருக்கும் இடம் விட வேண்டும். ‘சீப்பு’ வந்தால் மூன்று எழுத்து. ‘ஆட்டோ ரிக்‌ஷா’ வந்தால் அதே இடத்தில் இரண்டு வரி ஆகும். நீளமான பெயருக்கு இடம் ஒதுக்கிவிட்டால் பிறகு சுருக்குவது எளிது. சின்னம் ஒதுக்கிய அன்று மாலை எல்லா வேட்பாளரும் ஒரே அச்சகத்தின் வாசலில்தான் நிற்பார்கள். பேப்பருக்கு முன்பணம் கொடுத்து, எத்தனை மணிக்கு ஃபைல் வரும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவருக்கே முதலில் மெஷின் ஓடும்.

கிடைத்த சின்னத்தை எப்படிப் போடுவது? மாநிலத் தேர்தல் ஆணையம் தரும் கோட்டோவியத்தை அப்படியே போடுங்கள். இதில்தான் டிசைனர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள். ஆட்டோ சின்னம் என்றதும் இணையத்திலிருந்து பளபளக்கும் மஞ்சள் ஆட்டோ படத்தை எடுத்து, முக்கால் கோணத்தில், நிழலெல்லாம் கொடுத்து வைப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் வாக்குச்சீட்டில் இருப்பது கறுப்புக் கோட்டில் வரைந்த படம். ஒரு வாரமாகக் கண்ணில் பதிந்த வண்ண ஆட்டோவும் சீட்டில் இருக்கும் கோட்டு ஆட்டோவும் ஒன்றுதானா என்று, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி மறைப்புக்குள் நின்று யோசிக்கக் கூடாது. கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்கலாம். பின்னால் ஒரு வண்ண வட்டம் கொடுக்கலாம். உருவத்தையும் அது பார்க்கும் திசையையும் மாற்றக் கூடாது. சின்னத்துக்குக் கண், மூக்கு வரைந்து சிரிக்க வைப்பதும் வேண்டாம்.

ஊரகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு வாக்காளர் நான்கு சீட்டில் நான்கு ஓட்டுப் போடுகிறார். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சிக் குழு உறுப்பினருக்கு மஞ்சள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை. ஒரே சாவடியில் இரண்டு வார்டு இருந்தால் ஒன்றுக்கு நீலம். பச்சைச் சீட்டிலும் மஞ்சள் சீட்டிலும் உதயசூரியனோ இரட்டை இலையோ இருக்கும். இளஞ்சிவப்புச் சீட்டில் இருக்காது. தலைவர் பதவிக்கு நிற்பவர் கரைவேட்டி கட்டிக் கட்சிக்காரராகவே ஊருக்குத் தெரிந்தவர் என்றால், அவருடைய ஆட்கள் அந்தச் சீட்டில் கட்சிச் சின்னத்தைத் தேடுவார்கள். இதற்குப் போஸ்டரில் செய்ய வேண்டியது எளிது. சின்னக் கட்டத்தின் பின்னணியை அந்தச் சீட்டின் நிறத்திலேயே கொடுத்து, கீழே ‘இளஞ்சிவப்புச் சீட்டு – பூட்டு சாவி’ என்று எழுதுங்கள். ‘பிங்க் சீட்டு’ என்றால் இன்னும் பலருக்குச் சட்டென்று விளங்கும். இந்த ஒரு வரி நூறு அடைமொழிக்குச் சமம்.

20×30 தாளில் எது எங்கே

வார்டு வேலைக்கு டபுள் கிரவுன், அதாவது 20×30 அங்குலம், போதும். சந்துச் சுவரில் நிற்கும், ஒருவரே ஒட்டிவிடலாம். இரண்டு ஷீட், நாலு ஷீட் போஸ்டரெல்லாம் மெயின் ரோட்டில் நீளச் சுவர் கிடைத்தால் மட்டும். நனைந்த தாள் விரியும் என்பதால் ஷீட்கள் சேரும் இடத்தில் அரை அங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். இல்லாவிட்டால் வேட்பாளரின் முகத்தின் நடுவே வெள்ளைக் கோடு விழும். சேரும் இடம் முகத்திலோ சின்னத்திலோ வராதபடி டிசைனிலேயே தள்ளி வையுங்கள்.

நெடுக்குவாட்டில் 30 அங்குலத்தைப் பிரிக்கும் ஒரு கணக்கு: மேலே 3 அங்குலம் தலைவர்கள் வரிசை. அடுத்த 2 அங்குலம் வார்டு எண்ணும் பதவியும். நடுவில் 15 அங்குலம். இடப் பக்கம் வேட்பாளர், வலப் பக்கம் சின்னம். அதன் கீழ் 4 அங்குலம் வேட்பாளர் பெயர், 3 அங்குலம் சின்னத்தின் பெயர், 2 அங்குலம் வாக்குப்பதிவு நாளும் நேரமும். மீதியில் ஓரம் போக அடியில் அச்சக வரி. சின்னம் குறைந்தது 8 அங்குல அகலம் இருக்கட்டும். வாக்குறுதி எதுவும் இதில் வராது. அது பிட் நோட்டீஸின் வேலை.

நிறத்துக்கு வருவோம். கறுப்பு-சிவப்பு, கறுப்பு-வெள்ளை-சிவப்பு, நீலம்-சிவப்பு என்று கொடியின் நிறத்தை ஓரத்திலும் பட்டையிலும் கொடுங்கள். எழுத்தையும் பின்னணியையும் அதே ஜோடியில் வைத்தால் படிக்க முடியாது. கறுப்பின் மேல் சிவப்பு எழுத்து கம்ப்யூட்டர் திரையில் மிரட்டலாக இருக்கும். தெருவிளக்கு வெளிச்சத்தில் மறைந்தே போகும். மஞ்சள் மேல் கறுப்பு, வெள்ளை மேல் கருநீலம், சிவப்பு மேல் வெள்ளை ஆகியவை தூரத்திலும் தெரியும்.

கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து வைக்கும்போது தமிழுக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. நான்கு வண்ணமும் கலந்த கறுப்பில் பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சிறிய வெள்ளைப் பகுதிகளை மை அடைத்துவிடும். முதலில் அடைபடுவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘ஓட்டு’ என்பது ‘ஓடடு’ ஆகும். ‘வார்டு’ என்பது ‘வாரடு’ ஆகும். பட்டைக்கு கறுப்பு மை 100 சதவீதம், அதோடு சயான் என்ற நீல மை 30 அல்லது 40 மட்டும் கொடுங்கள். அந்தப் பட்டையில் 24 பாயிண்டுக்குக் கீழ் எழுத்து வேண்டாம். எழுத்தும் தடித்ததாக இருக்கட்டும்.

முகங்கள்

தலைவர்கள் வரிசையில் யார் எங்கே என்பது எழுதாத சட்டம். மறைந்த தலைவர்கள் மேலே, கொஞ்சம் மங்கலாகவோ வட்டத்துக்குள்ளோ. இப்போதைய தலைமை அவர்களுக்கு அடுத்துப் பெரிதாக. பிறகு மாவட்டம், ஒன்றியம் அல்லது நகரம் என்று அளவு இறங்கிக்கொண்டே வரும். திராவிடக் கட்சி என்றால் அண்ணா இல்லாத வரிசை கிடையாது. தி.மு.க. போஸ்டரில் பெரியார், அண்ணா, கலைஞர், அ.தி.மு.க. போஸ்டரில் அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா. கூட்டணித் தலைவர்களைத் தனி வரிசையாக, எல்லாரும் ஒரே அளவில் வையுங்கள். ஒருவரைக் கால் அங்குலம் குறைத்தாலும் மறுநாள் காலை போன் வரும். சின்னப் போஸ்டரில் மாவட்டச் செயலாளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்குக் கீழே ஒருவரைச் சேர்த்தால் அவருக்குச் சமமான இன்னும் நான்கு பேரையும் சேர்க்க வேண்டி வரும்.

வேட்பாளர் படத்தை டெய்லர் கடை வாசலில் செல்போனில் எடுக்காமல் ஸ்டுடியோவில் எடுங்கள். கும்பிடும் படம் வழக்கம். கும்பிட்ட கையின் விரல் நுனி தாடையை மறைக்கக் கூடாது. மணிக்கட்டில் வெட்டக் கூடாது, முழங்கை வரை இருக்கட்டும். வெள்ளைச் சட்டைக்கு வெள்ளைப் பின்னணி வைத்து எடுத்தால், படத்தை வெட்டும்போது தோளும் காலரும் கரைந்துவிடும். வெளிர் நீலம் அல்லது சாம்பல் திரை முன் எடுக்கச் சொல்லுங்கள். அரக்குச் சேலை அச்சில் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். முகத்தை வெளுப்பாக்கித் தரும் டிசைனரிடம் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். தினமும் பார்க்கும் ஆளை ஊருக்கு அடையாளம் தெரியாமல் போனால் படம் எதற்கு?

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. அந்த வார்டுகளில் கணவர் படம் பெரிதாகவும் வேட்பாளர் படம் ஓரத்தில் ஸ்டாம்ப் அளவிலும் இருக்கும் போஸ்டர்களை நிறையப் பார்க்கலாம். நியாயத்தை விடுங்கள், உத்தியாகவே அது தோல்வி. வாக்குச்சீட்டில் இருப்பது அவருடைய பெயர், கணவருடையது அல்ல. ஊருக்குக் கணவரைத்தான் தெரியும் என்றால், பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னாருடைய துணைவியார் என்று ஒரு வரி கொடுங்கள்.

மேட்டர்

வழக்கமான மேட்டர் இப்படி இருக்கும்:

“எங்கள் இதயங்களில் வாழும் தலைவர்களின் நல்லாசியுடன், மாவட்டத்தின் விடிவெள்ளி, செயல்வீரர் அண்ணன் அவர்களின் வழிகாட்டுதலில், ஒன்றியத்தின் போர்வாள் அவர்களின் பரிந்துரையில், உங்கள் வீட்டுப் பிள்ளை, மண்ணின் மைந்தர், எளியோரின் தோழர், பண்பாளர், வெற்றி வேட்பாளர் அவர்களுக்கு உங்கள் பொன்னான வாக்குகளை அளித்து அமோக வெற்றி பெறச் செய்யுமாறு இருகரம் கூப்பி வேண்டுகிறோம்.”

இதில் வாக்காளருக்குத் தேவையான தகவல் ஒன்றுகூட இல்லை. பெயர், வார்டு, சின்னம், நாள் எதுவும் இந்த வாக்கியத்தில் இல்லை. ஆனாலும் இந்த நடையை முழுக்கத் தூக்கி எறிய முடியாது. ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’யும் ‘பொன்னான வாக்கு’ம் இல்லாத போஸ்டர் தேர்தல் போஸ்டர் மாதிரியே இருக்காது, பல்பொடி விளம்பரம் போல ஆகிவிடும். அடைமொழி ஒன்று, வேண்டுகோள் ஒன்று என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். மாரியப்பன் என்று ஒருவர் நிற்பதாக வைத்துக்கொண்டால்:

4-வது வார்டு
உங்கள் வீட்டுப் பிள்ளை
‘டெய்லர்’ க. மாரியப்பன்
சின்னம்: பூட்டு சாவி
வாக்களிப்பீர்!

ஊரில் கூப்பிடும் பெயர் கட்டாயம் வேண்டும். அதை மேற்கோளுக்குள் சின்னதாக வைத்து, வேட்புமனுவில் உள்ள பெயரைப் பெரிதாகப் போடுங்கள். இனிஷியலை விடாதீர்கள். ஒரே பெயரில் இன்னொருவரை நிறுத்தி ஓட்டைப் பிரிப்பது பழைய தந்திரம். அந்த நிலையில் இனிஷியலும் சின்னமும்தான் காப்பாற்றும்.

அடைமொழியை வேட்பாளரின் வயசுக்கும் ஆளுக்கும் ஏற்றபடி எடுங்கள். 62 வயதுக்காரரை ‘இளம்புயல்’ என்றால் சிரிப்பார்கள். ஏற்கெனவே பதவியில் இருந்தவருக்கு ‘உங்களில் ஒருவன்’ ஒட்டாது. செய்ததைச் சொல்வதே நல்லது. அதுவும் ‘எண்ணற்ற நலத்திட்டங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் படிக்க மாட்டார்கள். ‘வடக்குத் தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி, மயானத்துக்குத் தார் ரோடு’ என்று இடத்தைச் சொல்லிப் போட்டால் அந்தத் தெருக்காரர் நின்று படிப்பார். எதுகை மோனை தானாக வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்து வந்து கட்டினால் கல்யாண வாழ்த்து மடல் போலாகிவிடும்.

பதவிப் பெயரில் பிழை வருவது சாதாரணம். மாநகராட்சியில் மாமன்ற உறுப்பினர், நகராட்சியில் நகர்மன்ற உறுப்பினர், பேரூராட்சியில் பேரூராட்சி மன்ற உறுப்பினர். அச்சில் அப்படிப் போட்டு, அடைப்பில் ‘கவுன்சிலர்’ என்று பேச்சு வழக்கையும் சேர்த்தால் எல்லாருக்கும் புரியும். 2022-இல் மேயரையும் நகராட்சித் தலைவரையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். அந்த முறையில் நடக்கும் தேர்தலில் ‘மேயர் வேட்பாளர்’ என்று போடுவது தவறான தகவல், சொந்தக் கட்சிக்குள்ளும் பகை. சாதி, மதம் சொல்லி ஓட்டுக் கேட்பதும், கோயில், தர்கா, சர்ச் படம் போடுவதும் நடத்தை விதிக்கு விரோதம். எதிராளியின் சொந்த வாழ்க்கையையும் தொடாதீர்கள்.

ஃபைல் கெட்டுப்போகும் இடங்கள்

வாட்ஸ்அப்பில் வரும் மேட்டர் யூனிகோடில் இருக்கும். பல டிடிபி கடைகளில் பாமினி, செந்தமிழ் போன்ற பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. நேரே ஒட்டினால் குப்பையாக வரும். எழுத்துரு மாற்றும் கன்வெர்ட்டர் போட்டால் பெரும்பாலும் சரியாக வரும். ஸ்ரீ, க்ஷ, ஔ, மேற்கோள் குறி ஆகியவை மட்டும் அடிவாங்கும். ஸ்ரீதரும் லக்ஷ்மியும் போஸ்டரில் இருந்தால் எழுத்துக் கூட்டிப் பாருங்கள். ஃபோட்டோஷாப்பில் யூனிகோடை அடிக்கும்போது ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து நின்றால், டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு போடப்படவில்லை என்று அர்த்தம். அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன் எல்லா எழுத்தையும் கர்வ்ஸ், அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவம், ஆக்கிவிடுங்கள். அங்கே அந்த எழுத்துரு இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஃபைல் சிஎம்ஒய்கே-யில் (அச்சின் நான்கு மை வண்ண முறை), 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), வெட்டுக்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். திரையில் மின்னும் பச்சையும் ஊதாவும் அச்சில் மங்கும் என்பதை வேட்பாளரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

புரூஃபை ஏ4 தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டி 8 அடி தள்ளி நின்று பாருங்கள். 20×30 போஸ்டரை 20 அடி தூரத்தில் பார்ப்பது ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும். சின்னமும் பெயரும் தெரிந்தால் சரி. பிறகு வார்டு எண்ணையும் தேதியையும் பெயரையும் வேட்பாளரே விரல் வைத்துப் படித்துக் கையெழுத்துப் போடட்டும். 1,000 பிரதி ஓடிய பிறகு வார்டு எண் தவறென்று தெரிந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவதைத் தவிர வழியில்லை.

அடியில் வரும் சின்ன வரி

அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவரின் பெயர், முகவரி ஆகியவை இல்லாமல் தேர்தல் போஸ்டர் அடிக்கக் கூடாது. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கு இதை 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. வெளியிடுபவர் இரண்டு சாட்சிகளோடு உறுதிமொழி எழுதித் தர வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளாட்சித் தேர்தலிலும் மாநிலத் தேர்தல் ஆணையம் அச்சக விவரத்தைக் கேட்கிறது. பிரதிகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் போடுவது வழக்கம்.

அந்த எண்ணிக்கைதான் செலவுக் கணக்கில் நிற்கும். 2019-இல் ஊராட்சி வார்டு உறுப்பினருக்குச் செலவு வரம்பு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000, ஒன்றியக் குழு உறுப்பினருக்கு 85,000, மாவட்ட ஊராட்சிக் குழு உறுப்பினருக்கு 1,70,000. ஊராட்சி வார்டில் 9,000 ரூபாய்க்குள் மல்டிகலர் போஸ்டரே அதிகம். 1/8 டெமி (டெமி தாளில் எட்டில் ஒரு பங்கு) பிட் நோட்டீஸை ஒரே நிறத்தில் அடித்து, வீட்டுக்கு ஒன்று கையில் கொடுப்பது அங்கே அதிகம் பலன் தரும்.

ஒட்டுவது

தாள் 60 முதல் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) போதும். தடித்த ஆர்ட் பேப்பர் பசையை உறிஞ்சாது; வெயில் ஏறியதும் ஓரம் சுருண்டு மொத்தமாக உரிந்துவிடும். லேசான தாள் சுவரோடு சேர்ந்து பிடிக்கும், கிழிப்பவனுக்கும் கஷ்டம்.

பசைக்கு 1 கிலோ மைதாவை முதலில் 1 லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். 6 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கரைசலை மெல்ல ஊற்றிக் கைவிடாமல் கிண்டுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போல் ஆனதும் இறக்கிவிடலாம். மைதாவை நேரே கொதிநீரில் கொட்டினால் உருண்டை உருண்டையாகத் திரளும். அந்த உருண்டைகள் தாளுக்கு அடியில் முகப்பரு போல் புடைத்து நிற்கும். ஆறிய பிறகே பயன்படுத்துங்கள், சூட்டோடு ஒட்டினால் தாள் நைந்து கிழியும். 20×30 அளவில் 60 போஸ்டர் வரை வரும். அன்றைய பசையை அன்றே தீர்த்துவிடுங்கள். மறுநாள் புளித்து நீர்த்துவிடும். பூச்சிக்காகச் சிலர் மயில்துத்தம் கலப்பார்கள். தெருவில் மாடுகள் போஸ்டரைத் தின்னும் ஊரில் அது வேண்டாம்.

சுண்ணாம்புச் சுவராக இருந்தால் உலர்ந்த மட்டையால் முதலில் தூசியைத் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் போஸ்டர் ஒட்டுவது சுவரில் அல்ல, சுண்ணாம்புப் பொடியில். காலையில் பொடியோடு விழும். சுவரில் பசை தடவி, மேலிருந்து கீழாகத் தாளை இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். பிறகு தாளின் மேலும் ஒரு கை பசை ஓட்டுங்கள். அதுதான் பனியிலிருந்து காக்கும். போஸ்டரின் நடுப்பகுதி தரையிலிருந்து 5 அடியில் இருக்கட்டும். ஒரே சுவரில் பத்து ஒட்டுவதைவிட, ரேஷன் கடை, பால் சொசைட்டி, குழாயடி, பஸ் நிறுத்தம் என்று ஆட்கள் நிற்கும் இடங்களுக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டிரண்டாக ஒட்டுங்கள். தனியார் சுவருக்கு உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அரசுக் கட்டடம், மின்கம்பம், பாலம், வழிகாட்டிப் பலகை எதையும் தொடாதீர்கள். 1959-ஆம் ஆண்டின் திறந்தவெளி இடங்கள் அலங்கோலத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, படம் எடுத்துப் புகார் அனுப்ப எதிராளியும் இருக்கிறார்.

மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கை ஒட்டாமல் கையில் வையுங்கள். மூன்றாம் நாளுக்குள் எதிர்த் தரப்பு மேலே ஒட்டியிருக்கும், சில கிழிந்திருக்கும். பிரச்சாரம் ஓய்வதற்கு முந்தைய இரவு ஒரு சுற்று வந்து மறைந்தவற்றை மட்டும் புதுப்பியுங்கள். ஜெயித்தால் ‘நன்றி! நன்றி!’ போஸ்டர் உண்டு. அதற்குச் சின்னம் வேண்டாம், சீட்டு நிறம் வேண்டாம். ஒன்றியச் செயலாளரின் படத்தை அவர் கேட்கும் அளவுக்கே போட்டுவிடலாம்.